ஊராளப் புகுவோர் உணர வேண்டியவை

1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள், தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சியினின்று பிரிந்து தாய்த் தமிழகத்தோடு இணைந்தன. அவ்விணைப்பு எவரும் இரங்கி அளித்த கொடை அன்று. நேசமணி முதலானோர் முன்னின்று நடத்திய நெடும்போராட்டத்தின் விளைவு அது. 1954 ஆகத்து 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவலர் குண்டுகளுக்கு உயிரீந்தோர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தம் மொழியில், தம் ஊரைத் தாமே ஆளும் உரிமை.

அதே நவம்பர் முதல் நாளைத் தமிழக அரசு 2022 முதல் உள்ளாட்சி நாள் எனக் குறித்துள்ளது. குமரி மாவட்டத்தார்க்கு இவ்விரண்டும் ஒரே நாளில் அமைந்தது பொருத்தமே. மொழிவழி மாநிலம் என்பது கட்டடத்தின் கூரை என்றால், ஊராட்சி அதன் கடைக்கால். கடைக்கால் இற்றபின் கூரையைப் போற்றிப் பயன் இல்லை.

அக்கடைக்கால் எவ்வளவு நொய்தாக இருக்கின்றது என்பதைக் கடந்த பத்தாண்டுகள் காட்டிவிட்டன. 2016 அக்தோபரில் நடைபெற வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நின்றுபோயிற்று. சிற்றூர்களில் 2019 திசம்பர் வரையிலும், பேரூர்களிலும் நகரங்களிலும் 2022 பிப்பிரவரி வரையிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருவரும் இலர்; தனி அலுவலரே ஆண்டனர். 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டோர் காலம் 2025 சனவரியில் முடிந்தபோதும் உரிய நேரத்தில் மறுதேர்தல் நடைபெறவில்லை. குமரி மாவட்டத்துச் சிற்றூர்கள் மீண்டும் தனி அலுவலர் கைக்குச் சென்றன. சட்டமன்றத்திற்கு ஒருநாள் தேர்தல் தவறினாலும் நாடே கூக்குரலிடும். ஊர்மன்றங்கள் ஆண்டுக்கணக்கில் ஒழிந்து கிடந்தபோது எந்தத் தெருவிலும் பேரொலி எழவில்லை. ஏன் எழவில்லை? மன்றம் இருந்தபோதும் ஊரார் அதனைத் தமதென்று உணரவில்லை. உணரும்படி அதனை நடத்தியோர் சிலரே.

ஆகவே, எந்தத் தேர்தலில் வென்று எந்த மன்றத்தில் ஏறுவோராயினும், புதியவர்கள் முதல் நாளிலிருந்தே சிலவற்றை நெஞ்சிற் கொள்ளுதல் வேண்டும். மாலையும் வெடியும் ஒரு கிழமையில் அடங்கிவிடும். அதற்குப் பின் எஞ்சுவது கணக்கேடு ஒன்றே.

முதலாவது, கணக்கு. பொறுப்பேற்கும் நாளன்று இனிப்பு வழங்குவதற்கு முன் பதிவேடுகளைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். பணப்பதிவேட்டில் உள்ள இருப்பும் வங்கி ஏட்டில் உள்ள இருப்பும் ஒத்திருக்கின்றனவா, எத்துணை வரி நிலுவை, மின்கட்டணம் எவ்வளவு பாக்கி, முடிந்ததாக எழுதப்பட்ட பணிகள் மண்ணில் உண்மையிலேயே உள்ளனவா என்பவற்றை எழுத்தில் பெற்றுக் கையொப்பமிட்டே பொறுப்பேற்க வேண்டும். வாய்மொழியாக ஏற்றவர், முன்னவர் செய்த பிழைக்கும் தாமே விடையிறுக்க நேரும். பிறகு ஒரு நாள் ஊரைச் சுற்றி நடக்க வேண்டும். மேல்நிலை நீர்த்தொட்டி, தெருவிளக்கு, கிணறு, குளம், மடை, இடுகாடு, புறம்போக்கு நிலம் ஆகிய ஒவ்வொன்றையும் கண்ணால் கண்டு பட்டியல் இட வேண்டும். விளவங்கோடு, கல்குளம் வட்டங்களில் பழைய நில ஆவணங்கள் மலையாளத்தில் கிடப்பதுண்டு. அவற்றைப் படிக்கத் தெரிந்த முதியோர் மறைவதற்கு முன் ஊர்ப் பொதுநிலங்களின் எல்லையைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுதல் அறிவுடைமை.

யார் கையில் எந்த அதிகாரம் என்பதையும் தொடக்கத்திலேயே தெளிந்துகொள்ள வேண்டும். இம்மாவட்டத்தில் பேரூராட்சிகள் மிகுதி. 2022 தேர்தலின்போது 95 சிற்றூராட்சிகள் இருக்க, பேரூராட்சிகள் மட்டும் 51 இருந்தன. சிற்றூராட்சியில் தலைவரே செயல் அதிகாரம் உடையவர். துணைத்தலைவரும் உடன் ஒப்பமிட்டாலன்றிப் பணம் வெளிவராது. பேரூராட்சியிலோ செயல் அதிகாரம் செயல் அலுவலரிடம் உள்ளது. மன்றம் முடிவு செய்யும், அலுவலர் நிறைவேற்றுவார். இவ்வேறுபாடு அறியாத சிற்றூர்த் தலைவர் தம் பொறுப்பை எழுத்தரிடம் விட்டுவிடுகின்றார். பேரூர்த் தலைவரோ தமக்கில்லாத அதிகாரத்தைக் காட்டப்போய் அலுவலரோடு பிணங்குகின்றார். துணைத்தலைவரின் ஒப்பம் வெறும் சடங்கு அன்று. ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவர் கண்ணில் படட்டும் என்றே அது வைக்கப்பட்டது. படிக்காமல் ஒப்பமிடும் துணைத்தலைவர் ஊரார் வைத்த காவலைத் தாமே அகற்றியவர் ஆவார்.

மன்றக் கூட்டம் திங்கள்தோறும் முறையாகக் கூட வேண்டும். தீர்மானப் பதிவேட்டை வீடு வீடாக அனுப்பி ஒப்பம் பெறுவதும், வெற்றிடம் விட்டுப் பின்னர் நிரப்புவதும் பல ஊர்களில் வழக்கமாகிவிட்ட குற்றங்கள். வெற்றுத்தாளில் இடும் ஒப்பம், நிரப்பாத காசோலையில் இடும் ஒப்பத்திற்கு ஒப்பானது. உடன்படாத உறுப்பினர் தம் மறுப்பைப் பதிவேட்டிலேயே எழுதச் செய்ய வேண்டும். தேநீர்க்கடையில் பேசிய மறுப்பு எந்தத் தணிக்கையிலும் நில்லாது. உறுப்பினரே உறவினர் பெயரில் ஒப்பந்தப் பணி எடுப்பது சட்டத்தாலும் அறத்தாலும் விலக்கப்பட்டது. எந்தப் பணியாயினும் அதன் மதிப்பீடு, நீளம், அகலம், கனம், ஒப்பந்தக்காரர் பெயர் ஆகியவற்றைப் பணியிடத்திலேயே தமிழில் எழுதி வைக்கட்டும். கற்காரைச் சாலையின் கனம் எவ்வளவு என்பது ஊரில் பத்துப் பேர்க்குத் தெரிந்திருந்தால், அதனைக் குறைக்க எவரும் துணியார்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்போர் உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை நினைக்கட்டும். முதற்பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட அவை குடவோலை முறையைப் புகழ்ந்து பேசுவதற்கு மட்டும் உரியன அல்ல. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் நிற்கலாகாது. அவர்தம் நெருங்கிய உறவினரும் நிற்கலாகாது என்பது அங்குள்ள விதி. ஓராண்டே பொறுப்புக்காலம். அது பார்ப்பன ஊரவை. நிலமும் மறைக்கல்வியும் உடையோர்க்கே அங்கு இடம் இருந்தது. உழைத்த மக்களுக்கும் பெண்டிர்க்கும் இல்லை. அக்குறையை மறைத்து அதனைப் பொற்காலமாகக் காட்டுதல் நேர்மை ஆகாது. ஆயினும் கணக்குக் காட்டாதவனுக்கு மன்றத்தில் இடமில்லை என்ற அந்த ஒரு விதி, எல்லார்க்கும் இடமளிக்கும் இன்றைய மன்றத்திற்கு ஆயிரம் மடங்கு தேவை.

இரண்டாவது, ஊரவை. அரசு ஏடுகள் கிராமசபை என்று கூறும் இவ்வவை ஆண்டிற்கு ஆறு நாள் கூட வேண்டும்: சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊருக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்குமேல் 300 பேர் வந்திருந்தாலே கூட்டம் செல்லும். ஆனால் எத்துணை ஊர்களில் அது கூட்டமாகக் கூடிற்று? நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை மரத்தடியில் அமர்த்தி, ஏட்டில் ஒப்பம் வாங்கி, ஒளிப்படம் எடுத்து, அரை மணியில் கலைத்த அவைகள் பல. கேள்வி கேட்க எழுந்தவரைத் தலைவரின் ஆட்கள் அடக்கிய அவைகளும் உண்டு.

ஊரவைக்கு அஞ்சும் தலைவர் தம் அரணைத் தாமே இடிக்கின்றார். மாவட்ட ஆட்சியரே ஊராட்சிகளின் ஆய்வாளர். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 205-ஆம் பிரிவின்படி தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரை நீக்கும் வழியும் அவர் கையில் உண்டு. மக்கள் தேர்ந்தவரை அமர்த்தப்பட்ட அலுவலர் நீக்கலாம் என்னும் இம்முறை மக்களாட்சிக்கு இழுக்கே. ஆயினும் அது மாறும் வரை தலைவர்க்கு ஊரவையே காப்பு. 1996-இல் திருவள்ளூர் மாவட்டத்துக் குத்தம்பாக்கம் ஊராட்சித் தலைவரான இளங்கோ, வடிகால் அமைப்பதில் வீணாகக் கிடந்த கல்லைக் கொண்டு செலவைக் குறைத்தார். மதிப்பீட்டிலிருந்து மாறியது குற்றமாகி அவர் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். ஊரவை திரண்டு அவர்க்குத் துணை நின்றது; அவர் மீண்டும் பொறுப்பேற்றார். ஒவ்வோர் அவையிலும் கணக்கைத் திறந்து வைத்தவர்க்கே ஊர் அவ்வாறு துணை நிற்கும்.

எனவே ஊரவைக்கு ஏழு நாள் முன்னரே பறையறைந்தோ ஒலிபெருக்கி வழியோ அறிவித்து, வரவு செலவுச் சுருக்கத்தை எளிய தமிழில் எழுதி ஊர்ப்பொது இடத்தில் ஒட்டி, சென்ற அவையின் தீர்மானங்களுள் நிறைவேறியவை எவை, நிறைவேறாதவை எவை என்று தொடக்கத்திலேயே படித்தல் வேண்டும். பேரூர்களிலும் நகரங்களிலும் 2022 நவம்பர் முதல் தொடங்கிய பகுதிக் கூட்டங்களுக்கும் இதுவே முறை. மன்ற நடவடிக்கை எதுவாயினும் ஊரார்க்கு விளங்கும் தமிழில் அமைக. ஊரார்க்கு விளங்காத சொல்லில் எழுதப்படும் கணக்கு மறைக்கப்பட்ட கணக்கே.

மூன்றாவது, நீர். நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக இருந்த நாடு. கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இருபோக விளைச்சலும் 1906-இல் நிறைவெய்திய பேச்சிப்பாறை அணை, பின்வந்த பெருஞ்சாணி அணை, பழையாறு, அவற்றோடு பிணைந்த குளங்கள் ஆகியவற்றால் நிலைத்தன. ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்தின் வாய். இடையில் ஓர் ஓடையை அடைத்துக் கட்டடம் எழுப்பினால் கீழே கடைவரம்பில் பத்து வயல் காயும். மழைநாளில் மேலே பத்து வீடு மூழ்கும். இவ்வுண்மையை நாஞ்சில் உழவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. வயலை மனையாக்க ஒப்பமிடும் மன்றங்களுக்கே கற்பிக்க வேண்டியுள்ளது.

மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கேட்டு வருவோரிடம் மன்றம் முதலில் கேட்க வேண்டியது கட்டணம் அன்று, வரைபடம். நீரோடை எங்கே, மடை எங்கே, வழிந்தோடும் நீர் எங்கே செல்லும் என்பதற்கு விடை இல்லையேல் ஒப்புதலும் இல்லை என்னும் துணிவு வேண்டும். 2022-இல் சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகள் உலக ஈரநிலப் பட்டியலாகிய இராம்சார்ப் பட்டியலில் இடம்பெற்றன. உலகம் மதிக்கும் அக்குளங்களுக்கு நீரூட்டும் பழையாறு நாகர்கோயில் கழிவைச் சுமந்து செல்வது யாருக்குப் பெருமை? குப்பையைக் குளக்கரையில் கொட்டும் ஊராட்சி, தன் கிணற்றிலேயே கொட்டிக்கொள்கின்றது. மட்கும் குப்பை, மட்காக் குப்பை எனப் பிரித்து வாங்குதலும் தூய்மைப் பணியாளர்க்கு உரிய ஊதியத்தைக் காலந்தவறாது கொடுத்தலும் எந்தச் சாலைத் திறப்பு விழாவினும் உயர்ந்த பணிகள்.

நான்காவது, வருவாய். வரி கேட்டால் வாக்குப் போய்விடும் என்னும் அச்சம் புதியவரைப் பற்றும் முதல் நோய். வீட்டுவரியும் தொழில்வரியும் குடிநீர்க் கட்டணமும் தண்டாத ஊராட்சி, மேலிருந்து வரும் மானியத்துக்குக் கையேந்தி நிற்கும். கையேந்துபவர் உரிமை பேச இயலாது. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, வங்கிக் கடனும் தன் சேமிப்பும் கொண்டு 2006-இல் 350 கிலோவாட்டுக் காற்றாலை ஒன்றை நிறுவி, மின்வாரியத்துக்கு மின்சாரம் விற்று வருவாய் ஈட்டியது. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் காடுபோல் நிற்கின்றன. அவற்றைச் சுழற்றும் காற்று தோவாளை வட்டத்து மக்களுடையது. காற்றைப் பிறர் அறுவடை செய்ய, அதன் கீழுள்ள ஊர்கள் தெருவிளக்கின் மின்கட்டணத்துக்கு வழிதேடுவது எத்தகைய முறை? ஓர் ஊராட்சியால் இயலாதாயின் பல ஊராட்சிகள் இணைந்து முயலட்டும்.

ஐந்தாவது, பெண்டிர் இருக்கை. உள்ளாட்சியில் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் திருத்தம் 2016-இல் வந்தது. குமரி மண்ணில் இதன் பொருள் பெரிது. மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக இம்மண்ணின் பெண்கள் 1822 முதல் 1859 வரை அடியுண்டும் ஆடை கிழியுண்டும் போராடினர். 1859 சூலையில்தான் திருவிதாங்கூர் அரசு ஒருவாறு இணங்கி ஆணையிட்டது. அவர்களின் பெயர்த்தியர் இன்று தலைவராக அமர்கின்றனர். ஆனால் பல ஊர்களில் அவ்விருக்கையில் கணவர் அமர்கின்றார். அலுவலரும் அவரையே "தலைவரே" என அழைக்கின்றனர். ஏடு மட்டும் ஒப்பத்துக்காக அடுக்களைக்குச் செல்கின்றது. தோள்சேலைக்காகத் தோளில் அடிபட்ட மரபுக்கு இதனினும் இழுக்கு வேறில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்மணி தாமே அலுவலகம் செல்க, தாமே கூட்டம் நடத்துக, தெரியாததைக் கேட்டறிக. முதல் திங்களில் தடுமாறினாலும் ஆறாம் திங்களில் அவர் தேர்ந்துவிடுவார். கணவர்க்கும் மைந்தர்க்கும் மன்றத்துக்குள் வேலை இல்லை என்பதை அலுவலரும் கண்டிப்புடன் கடைப்பிடிக்க வேண்டும்.

ஆறாவது, சாதியும் மதமும். 1997 சூன் 30-ஆம் நாள் மதுரை மாவட்டத்து மேலவளவில், தனித்தொகுதியில் வென்ற ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐவரும் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஒடுக்கப்பட்டவர் தலைவரானதே அவர் செய்த குற்றம். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 1996 முதல் 2006 வரை தேர்தலையே நடக்கவிடாது தடுத்தனர். தமிழரெல்லாம் ஓரினம் என்று மேடையில் முழங்குவோர், தம் ஊரில் தமிழன் ஒருவன் நாற்காலியில் அமர்வதைத் தடுக்கும் தமிழனைக் கண்டும் வாய்மூடி இருந்தால் அம்முழக்கம் பொய். குமரி மாவட்டத்தில் 1982-இல் மண்டைக்காட்டில் மதத்தின் பெயரால் மூண்ட தீயின் வடு இன்னும் முற்றும் ஆறவில்லை. கோயில் தெருவுக்கொரு நீதி, தேவாலயத் தெருவுக்கொரு நீதி, ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புக்கொரு நீதி என மன்றம் நடக்குமாயின், அடுத்த தீக்கு அது விறகடுக்குகின்றது என்றே பொருள். சாமித்தோப்பில் வைகுண்டர் எல்லாச் சாதியாரும் ஒருங்கே நீர் முகக்க ஒரு கிணறு தோண்டச் செய்தார். குடிநீர்க் குழாய் எந்தத் தெருவில் முதலில் இறங்க வேண்டும் என்னும் வினா எழும்போது அக்கிணற்றை நினைத்தல் போதும்.

ஏழாவது, கடலும் எல்லையும். 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை குளச்சலையும் மணக்குடியையும் தாக்கிற்று. 2017 நவம்பர் இறுதியில் ஓக்கிப் புயல் வீசியபோது கடலில் இருந்தவர் எத்துணைப் பேர் என்பதற்கே ஒருமித்த கணக்கு இல்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களில் குடும்பங்கள் பெயர்ப் பட்டியலோடு கரையில் கதறின. கடற்கரை ஊர்மன்றம் ஒவ்வொன்றும் எந்தப் படகில் யார், எந்நாள், எத்தனை நாளுக்குச் சென்றனர் என்னும் ஏட்டை மீனவர் அமைப்புகளோடும் பங்குகளோடும் சேர்ந்து நாள்தோறும் பேணுமாயின், அடுத்த புயலில் தேடுதல் ஒரு நாளேனும் முந்தித் தொடங்கும். ஒரு நாள் என்பது உயிர்கள்.

மேற்கெல்லையிலோ களியக்காவிளை வழியே மலைகள் கல்லாகவும் மணலாகவும் வெளியேறுகின்றன. மறுவழியில் இறைச்சிக் கழிவும் மருத்துவக் கழிவும் உள்ளே வருகின்றன. 2024 திசம்பரில் நெல்லை மாவட்டத்தில் கொட்டப்பட்ட கேரள மருத்துவக் கழிவு, பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணைக்குப் பின் கேரளத்துக்கே திருப்பி எடுத்துச் செல்லப்பட்டது. சான்றோடு முறையிட்டால் வெற்றி உண்டு என்பதற்கு அது எடுத்துக்காட்டு. எல்லை ஊராட்சிகள் ஊர்தி எண்ணையும் நாளையும் படத்தையும் பதிந்து, மன்றத் தீர்மானத்தோடு முறையிடுதல் வேண்டும். 2004 முதல் கேரளம் நிறுத்திவிட்ட நெய்யாற்று இடதுகரைக் கால்வாய் நீருக்காக விளவங்கோட்டு மன்றங்கள் ஆண்டுதோறும் தீர்மானம் இயற்றித் தமிழக அரசின் தூக்கத்தைக் கலைத்துக்கொண்டே இருத்தலும் கடன்.

ஆனால் எல்லைக்கப்பால் இகழத்தக்கது மட்டும் இல்லை, கற்கத்தக்கதும் உண்டு. இந்திய அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தம் 29 துறைகளைப் பட்டியலிட்டு, அவற்றை ஊராட்சிகளுக்கு வழங்குவதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. கேரளம் 1996-இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கித் தன் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக உள்ளாட்சிகளுக்குப் பிரித்தளித்தது. களியக்காவிளையிலிருந்து பாறசாலைக்கு நடந்து செல்பவர் ஓர் எல்லைக் கல்லைக் கடந்ததும் தம் ஊர்ப் பள்ளியையும் நலவாழ்வு நிலையத்தையும் தாமே திட்டமிடும் ஊராட்சியைக் காண்கின்றார். தில்லியிடம் தன்னாட்சி கேட்கும் சென்னை, தன் ஊர்களுக்குத் தன்னாட்சி தர மறுப்பது எந்த அறம்? தில்லி மாநிலத்துக்கு இழைப்பதை மாநிலம் ஊருக்கு இழைக்குமாயின், அதன் உரிமைக் குரல் பாதி வலுவிழந்துபோகும். புதிய உறுப்பினர் எந்தக் கட்சியினராயினும் இதனைத் தம் கட்சித் தலைமையிடமே கேட்டாக வேண்டும்: காலந்தவறாத் தேர்தல், துறைகளோடு பணமும் பணியாளரும், தேர்ந்தவரை நீக்கும் உரிமை ஊரவைக்கே. இம்மூன்றும் பெறாத உள்ளாட்சி பெயரளவு ஆட்சியே.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முறையற்ற வரிக்கும் கொள்ளைக்கும் எதிராக நாஞ்சில் நாட்டார் கூடி வரிமறுப்புத் தீர்மானம் செய்ததைப் பழைய ஓலைகள் கூறும். அக்கூட்டத்தில் நிலமுடையோர்க்கே குரல் இருந்தது. இன்றைய மன்றத்தில் உழவர்க்கும் மீனவர்க்கும், பால்வெட்டும் தொழிலாளர்க்கும், பெண்டிர்க்கும், ஒடுக்கப்பட்டோர்க்கும் குரல் உண்டு. அன்று சிலர் காட்டிய துணிவை இன்று எல்லாரும் காட்ட இயலும்.

ஐந்தாண்டு விரைந்து கழியும். பொறுப்பு நீங்கும் நாளில் மன்றத்தார் அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டியவை மூன்று: நேரான கணக்கேடு, நீர் நிறைந்த குளம், கேள்வி கேட்கப் பழகிய ஊர். இம்மூன்றையும் கொடுத்துச் செல்பவரின் பெயர் கல்வெட்டில் இல்லாவிடினும் ஊரார் வாயில் வாழும். புதியோர் அப்பெயர் பெறுக! குமரி மண் தன்னைத் தானே ஆள்க!